இரவைத் தேடிய விஞ்ஞானி

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றி நடப்பார்கள்; படகில் ஏறுவார்கள்; பேரிக்காயும் பிளம்ஸும் கூடை நிறைய வாங்குவார்கள். மலைமேல் இருக்கும் வான ஆராய்ச்சி நிலையத்தை எட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? 1899-ல் அமைந்த நிலையம் அது. சூரியனைப் படம் பிடிப்பதில் உலகப் பிரசித்தி பெற்றது.

1960-ல் அதற்குத் தலைவராக வந்தவர் வைணு பாப்பு. சென்னையில் 1927-ல் பிறந்தவர். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வான நிலையத்தில் வேலை பார்த்தவர். நட்சத்திரப் பேச்சு அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்தபோது, 1949-ல், ஒரு புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவருடைய பெயரும் அவருடன் கண்ட இருவர் பெயரும் சூட்டப்பட்டன. அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம் அல்லவா? அவரோ தாய்நாடு திரும்பினார்.

கோடைக்கானலில் ஒரு சங்கடம். பகலில் சூரியனை ஆராய அது அருமையான இடம். ஆனால் இரவில் மேகமும் மூடுபனியும் வந்து நட்சத்திரங்களை மறைத்துவிடும். தெளிந்த இரவைத் தேடி அலைந்த பாப்பு, வாணியம்பாடிக்கு அப்பால் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் உள்நாட்டிலேயே செய்த 15 அங்குல டெலிஸ்கோப் அங்கே வேலையைத் தொடங்கியது. பின்னர் 40 அங்குல டெலிஸ்கோப்பும் வந்தது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியது. கிரகம் மறைப்பதற்கு முன்பே அந்த நட்சத்திரத்தின் ஒளி கணநேரம் மங்கிற்று. காரணம், கிரகத்தைச் சுற்றியிருந்த வளையங்கள்! ஆகாய விமானத்திலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகள் கண்ட அந்த அதிசயத்தைக் காவலூர்க் கருவியும் பதிவு செய்திருந்தது. பாப்புவிடம் பயின்ற இளைஞர்களுக்கு எவ்வளவு பெருமை!

அவர் மனம் அதோடு திருப்தி அடையவில்லை. 93 அங்குல டெலிஸ்கோப் ஒன்றை நம்மவர் கையாலேயே செய்ய வேண்டும் என்று முனைந்தார். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை வருஷக்கணக்கில் நடந்தது. அது முடிவதற்குள், 1982-ல், 55 வயதில் அவர் காலமாகிவிட்டார். 1986-ல் அந்த டெலிஸ்கோப்புக்கும் காவலூர் நிலையத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள்.

சகோதரிகளே, சாப்பிடக் கூப்பிட்டால் வராமல், மொட்டை மாடியில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? கோபிக்காதீர்கள். சோற்றை மாடிக்கே எடுத்துப் போய்க் கொடுங்கள். அடுத்த விடுமுறைக்குக் கோடைக்கானல் போனால், ஏரியோடு நிறுத்திவிடாமல் அந்த நிலையத்தையும் காட்டி வாருங்கள்.