நாட்டின் நாடி

காய்ச்சலும் வயிற்றுவலியும் தம் வரவைத் தாமே அறிவிக்கும். நீரிழிவும் குருதிக் கொதிப்பும் அத்தகையன அல்ல. அவை பல்லாண்டு ஓசையின்றி உடலில் உறைந்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுத்த பின்னரே பெரும்பாலும் வெளிப்படும். ஆதலின், மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால், நோயை உணராது உலவுவோர் கணக்கில் வாரார். ஆய்வாளரே மக்களின் இல்லந்தேடிச் செல்லுதல் வேண்டும்.

எல்லாரையும் ஆராய்தல் இயலுமோ? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர். ஆயினும், நம் நாடு ஒரே பானையன்று; உணவும் உழைப்பும் இடந்தோறும் வேறுபடும். எனவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் 2008 முதல் 2020 வரை, எல்லா மாநிலங்களிலும் நகர்ப்புறம், நாட்டுப்புறம் எனப் பகுத்து, 20 வயது நிரம்பிய 1,13,043 பேரை ஆராய்ந்தன. எடை, இடைச்சுற்றளவு, குருதி அழுத்தம், குருதிச் சர்க்கரை ஆகியன அளக்கப்பெற்றன.

முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நூற்றுக்கு 11 பேருக்குமேல் நீரிழிவு உடையர்; 35 பேருக்குமேல் குருதிக் கொதிப்பு உடையர். இன்னும் 15 பேருக்குமேல் நீரிழிவின் வாயிலில் நிற்கின்றனர். இவர்களுள் பலர் அளவான உணவாலும் நாள்தோறும் நடத்தலாலும் அந்நோயைத் தடுத்துக்கொள்ளலாம். யாவர் எங்கே நிற்கின்றனர் என அறிந்தாலன்றோ காத்தல் கூடும்?

மாணவர்களே! அளவுநாடாவுடன் ஆய்வாளர் ஒருவர் நும் வாயிலில் வந்து நின்றால், அவரை அயலார் என்று எண்ணற்க. நும் இல்லத்தார் கூறும் மெய்யான விடை, நீவிர் காணாத ஊரார்க்கும் அரணாகும்.