டிஸ்க் வலி: பொறுமை எப்போது, அவசரம் எப்போது?

குடிபாலா வட்டாரத்தில் மா அறுவடைக் காலம் வந்துவிட்டால், காய் நிறைந்த கூடைகளைக் குனிந்து தூக்குவோர் பலர். சித்தூருக்கும் வேலூருக்கும் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் சென்று வருவோரும் பலர். இவர்களுள் ஒருவருக்கு இடுப்பில் தொடங்கிய வலி பாதம்வரை இறங்கி, ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் விலகல்' என்று வந்துவிட்டால், முதலில் எழும் அச்சம் அறுவை சிகிச்சை பற்றியது. அடுத்த அச்சம் அதற்கான பணம் பற்றியது. வைப்புத்தொகையை முறிக்கும் முன் நோயின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்திருப்பதே டிஸ்க். அதன் வெளி வளையம் உறுதியானது. உட்பகுதி கூழ் போன்றது. வளையத்தில் விரிசல் ஏற்பட்டால் உட்கூழ் பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்துகிறது. அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. கால்வலிக்குக் காரணம் இதுவே. உண்மையில் டிஸ்க் இடம் விட்டு 'விலகுவது' இல்லை.

பிதுங்கிய பகுதியை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவது உண்டு. அதனால் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி வெகுவாகத் தணிகிறது. நெதர்லாந்தில் கடுமையான கால்வலியுற்ற 283 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2007இல் வெளியாயிற்று. விரைவாக அறுவை செய்துகொள்ளும் பிரிவினருக்கு வலி முன்னதாகத் தணிந்தது. ஆயினும், ஓராண்டு முடிவில் அப்பிரிவிலும் காத்திருக்கும் பிரிவிலும் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தனர். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது; ஏனையோர் அதைத் தவிர்த்தனர்.

காத்திருத்தல் என்பது படுத்தே கிடப்பது அன்று. ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு தாங்கும் அளவுக்கு நடக்க வேண்டும். நெடுநேரம் ஒரே நிலையில் அமர்வதைத் தவிர்க்க வேண்டும். பாரம் தூக்க நேர்ந்தால் முழங்காலை மடித்து, சுமையை உடலோடு ஒட்டி வைத்துத் தூக்க வேண்டும். வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் அளவிலும் காலத்திலும் மட்டுமே உட்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறோ குடற்புண்ணோ உள்ளவர்கள் அதை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். பிசியோதெரபி நிபுணர் கற்பிக்கும் பயிற்சிகளை வலி தணிந்த பின்னும் தொடர வேண்டும். இத்துறையில் நம் அண்டை நகரம் முன்னோடி: வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் மறுவாழ்வு நிலையம் 1966இல் உருவாயிற்று.

நம் பகுதியில் புத்தூர்க் கட்டு எலும்பு முறிவுக்குப் பெயர் பெற்றது. டிஸ்க் பிதுக்கம் எலும்பு முறிவு அன்று. ஆகவே முதுகை வலிந்து முறுக்கவோ மிதிக்கவோ எவருக்கும் இடம் தரலாகாது.

பொறுமைக்கும் எல்லை உண்டு. சிறுநீர் கழிக்க இயலாமை, சிறுநீரோ மலமோ அறியாது வெளியேறுதல், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, காலின் பலவீனம் நாளுக்கு நாள் மிகுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இங்கே தாமதம் நிரந்தர ஊனத்தில் முடியலாம். காய்ச்சலோடும் காரணமற்ற எடைக் குறைவோடும் வரும் முதுகுவலியையும் உடனே பரிசோதிக்க வேண்டும். இவை இல்லாமலும், வாரக்கணக்கில் முறையான சிகிச்சைக்குப் பின்னும் வலி தாளமுடியாததாயின், அறுவை குறித்து மருத்துவருடன் கலந்து முடிவெடுக்கலாம். இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம்.

வாடிக்கையாளர்கள் தம் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. டிஸ்க் சிகிச்சைக்குப் பல பத்திரங்களில் காத்திருப்புக் காலம் உண்டு. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அது 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. மருத்துவமனையில் தங்காமல் பெறும் பிசியோதெரபிச் செலவைப் பல பத்திரங்கள் ஏற்பதில்லை. ஆகவே அதற்கெனச் சிறு தொகையைச் சேமிப்புக் கணக்கில் தனியே ஒதுக்கி வைத்தல் பயன் தரும்.