முதுமையும் திரை விளையாட்டும்

முதுமை நோயன்று, வாழ்வின் ஒரு பருவம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அறுபது வயதை எட்டியவர். கடலூர்க் கடற்கரையிலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும் கைப்பேசியில் விளையாடி மகிழும் முதியோரை இன்று காண்கிறேன். இவ்விளையாட்டு அவர்களுக்கு நன்மை பயக்குமா?

'விளையாடும் பெரியவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆகவே, விளையாட்டே மகிழ்ச்சியைத் தருகிறது' என்று முடிவு கட்டுவோர் உளர். மாணவர்களே, அம்முடிவு பொருந்துமா? கண் தெளிவும், கைப்பேசி வாங்கப் பொருளும், கற்றுக்கொடுக்கப் பேரப்பிள்ளையும் உடையவர்க்கே விளையாடுதல் எளிது. அவர்தம் மகிழ்ச்சிக்குக் காரணம் விளையாட்டா, முன்னரே வாய்த்த நல்வாழ்வா? உடன் நிகழ்வது வேறு, காரணமாவது வேறு.

இவ்விரண்டையும் பிரித்தறியக் குலுக்கல் முறை துணைபுரியும். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய 'ஆக்டிவ்' என்னும் ஆய்வில் 2,832 முதியோர் அம்முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நினைவுப் பயிற்சி. மற்றொன்றுக்குத் தருக்கப் பயிற்சி. மூன்றாவதற்குக் கணிப்பொறித் திரையில் விரைந்து கண்டறியும் பயிற்சி. நான்காவதற்குப் பயிற்சி இல்லை. ஒவ்வொரு குழுவும் தான் பயின்ற திறனிலேயே முன்னேறிற்று. நினைவைப் பழகியவர் விரைவு பெற்றாரில்லை.

2013-இல் சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் வேறொன்று கண்டனர். 60 முதல் 85 வயது வரையுள்ளோர் கார் ஓட்டும் வீடியோ விளையாட்டை ஒரு மாதத்தில் 12 மணி நேரம் பழகினர், அதில் பெற்ற தேர்ச்சி ஆறு மாதங்களுக்குப் பின்னும் நிலைத்தது, கவனமும் மேம்பட்டது. எனினும், அவ்வாய்வில் கலந்துகொண்டோர் சிலரே.

சான்று சிறிதாயினும் வணிகரின் வாக்குறுதி பெரிதாகிவிடுகிறது. 'லூமோசிட்டி' என்னும் மூளை விளையாட்டின் நிறுவனம், முதுமை மறதியைத் தடுக்கலாம் எனப் போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2016-இல் அந்நிறுவனம் 20 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

நம் ஊர்களிலும் இதனை ஆராயலாம். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய சிதம்பரத்தில் ஆய்வு செய்ய இளைஞர்க்குப் பஞ்சமில்லை. இசைவளிக்கும் முதியோரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாக்குக. ஒரு குழுவினர் கைப்பேசியில் தனித்து விளையாடட்டும். ஒரு குழுவினர் திண்ணையில் கூடித் தாயம் உருட்டட்டும். மற்றவர் வழக்கம்போல் இருக்கட்டும். உறக்கம், நினைவு, தனிமையுணர்வு ஆகியவற்றை முதலிலும் மூன்று திங்கள் கழித்தும் அளந்து ஒப்பிடுக. தாயம் ஆடியோர் மட்டுமே மேம்பட்டால், நன்மைக்குக் காரணம் கூடியிருத்தலே எனக் கருத இடமுண்டு. இருசாராரும் ஒப்ப மேம்பட்டால், திரைக்கும் பயனுண்டு என்போம்.

இதை அறியாமல் பாட்டியின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நாம் அகன்றுவிடலாம். அவர் வேண்டியதோ நம்மோடு ஒரு நாழிகைப் பேச்சாக இருந்திருக்கலாம்.