செயின் ரம்பத்தில் ஊற்றும் ஆயில் எங்கே போகிறது?

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. தோப்பு தோப்பாக மரம் சாய்ந்தது. அதுவரைக்கும் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மரம் அறுக்கணும்னா கோடாலி, இல்லாவிட்டால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் ரம்பம். செயின் ரம்பத்தின் சத்தம் எங்கள் பக்கம் சகஜமானது அந்தப் புயலுக்கு அப்புறம்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது ஊருக்கு நாலைந்து மிஷின் இருந்தது. மறுநாள் மழை விடுவதற்கு முன்பே சாலையில் விழுந்த மரங்களை நம்ம பையன்களே அறுத்து ஒதுக்கினார்கள்.

மிஷின் வந்தது நல்லதுதான். விறகு நமக்கு இன்றைக்கும் தேவை. கேஸ் அடுப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவையோ பூங்காரையோ அவித்துக் காயவைத்துப் புழுங்கலரிசியாக விற்கிற உழவர்கள் கேஸில் அண்டா ஏற்ற முடியாது. வேலியோரத்துச் சவுக்கு, கிளைரிசிடியா, சூபாபுல், புயலில் விழுந்த வேம்பு, காய்ப்பு ஓய்ந்த மா என்று நம்ம நிலத்திலேயே விறகு விளைகிறது. அதை அறுக்கிற மிஷின் நம்ம நிலத்தில் எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

செயின் ரம்பத்தில் இரண்டு மூடி இருக்கும். ஒன்று பெட்ரோல் டேங்க். இன்னொன்று செயினுக்கான ஆயில் டேங்க். மோட்டார் சைக்கிள் இன்ஜினில் ஊற்றும் ஆயில் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், அப்புறம் வடித்து மாற்றுவோம். செயின் ரம்பத்தில் அப்படி இல்லை. ஒரு சின்ன பம்ப் ஆயிலை எடுத்து, செயின் ஓடுகிற நீளத் தகட்டின் (அதை பார் என்பார்கள்) காடிக்குள் விடும். செயின் அதை இழுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வெளியே வீசிவிடும். திரும்பி வரவே வராது. ஊற்றியதில் கடைசிச் சொட்டு வரைக்கும் மரத்தூளிலும், அறுத்த விறகிலும், மண்ணிலும், அறுக்கிறவர் சட்டையிலும்தான் போய்ச் சேர்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம் (வங்கியில் உட்கார்ந்த பழக்கம் போகாது). நடுத்தர அளவு மிஷினில் ஆயில் டேங்க் கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ பிடிக்கும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயிலும் ஏறக்குறைய தீர்ந்துவிடும் என்ற கணக்கில்தான் மிஷினைச் செய்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை பெட்ரோல் ஊற்றினால் ஒன்றரை லிட்டர் ஆயில். நான்கு நாள் தோப்பில் வேலை நடந்தால் ஆறு லிட்டர்.

அந்த ஆறு லிட்டர் என்ன ஆயில் என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கம் கூலிக்கு மிஷின் கொண்டுவருகிறவர்களில் பலர் மெக்கானிக் ஷெட்டில் வடித்துப் போட்ட பழைய இன்ஜின் ஆயிலைத்தான் கேனில் கொண்டுவருகிறார்கள். சும்மா கிடைக்கிறது, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. "எல்லாரும் இதைத்தான் சார் ஊத்துறாங்க" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். ஆனால் அந்தக் கறுப்பு ஆயிலில் இன்ஜின் தேய்ந்து வந்த உலோகத் தூளும், எரிபொருள் எரிந்த கசடும் இருக்கின்றன. அந்தக் கசடில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் பழைய ஆயிலும் வருகிறது. ஒரு பக்கம் நாட்டுமாட்டுச் சாணம் தேடிப் பிடித்து ஜீவாமிர்தம் கரைத்து ஊற்றுகிறோம். இன்னொரு பக்கம் தோப்பு நடுவே இதைத் தெளிக்க விடுகிறோம். அந்த மரத்தூளைத்தான் மூடாக்குக்கும் தொழுவத்துக்கும் அள்ளுகிறோம், அந்த விறகில்தான் நெல் அவிக்கிறோம்.

மிஷினுக்கும் அது ஆகாது. உலோகத் தூள் பம்பைத் தேய்க்கும், காடியை அடைக்கும். பம்ப் போனால் ஆகும் செலவு, மிச்சம் பிடித்த ஆயில் காசைவிட அதிகம்.

மாற்று என்ன? கடையில் விற்கும் செயின் ஆயில் ஒட்டும் தன்மை உள்ளது, பழைய ஆயிலைவிட எவ்வளவோ மேல். ஆனால் பெரும்பாலும் அதுவும் பெட்ரோலியத்தில் இருந்து வருவதுதான். ஆஸ்திரியா நாட்டில் 1992லேயே செயின் ரம்பத்துக்குப் பெட்ரோலிய ஆயில் கூடாது என்று தடை போட்டார்கள். ஐரோப்பாவில் காடு அறுக்கிறவர்கள் கடுகு இனத்து எண்ணெயை ஒட்டும் பொருள் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு விளக்கெண்ணெயும் புங்க எண்ணெயும் இருக்கின்றன. விளக்கெண்ணெய் நன்றாக ஒட்டும், வேகமாகச் சுற்றினாலும் சட்டென்று சிதறாது. ஆனால் ரொம்பக் கெட்டி, மார்கழிக் காலையில் பம்ப் இழுக்கத் திணறும். அதனால் நான் இரண்டையும் சரிபாதி கலந்து, துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன். ஆளி விதை, சூரியகாந்தி மாதிரி காய்ந்து பிசினாகும் எண்ணெய்கள் வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயாக இருந்தாலும் டேங்கில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பிசுபிசுத்துப்போகும். வேலை முடிந்ததும் வடித்துவிட்டு, கொஞ்சம் புதுச் செயின் ஆயில் விட்டு இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். புது மிஷின் என்றால் உத்தரவாதக் காலத்தில் கையேட்டில் சொன்னதை ஊற்றுவதுதான் புத்திசாலித்தனம். கூலிக்கு ஆள் கூப்பிடும்போது, "ஆயில் நான் தர்றேன் தம்பி, டேங்கைக் காலி பண்ணிட்டு வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுப்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஆயில் சரியாக வருகிறதா என்று பார்க்க வழி சுலபம். காலியான சிமெண்ட் பையைத் தரையில் விரித்து, பார் முனையை ஒரு சாண் உயரத்தில் பிடித்து மிஷினை முடுக்குங்கள். பையில் மெல்லிய கோடாக ஆயில் தெறிக்கணும். தெறிக்கவில்லை என்றால் அறுக்க ஆரம்பிக்காதீர்கள். பாரைக் கழற்றி அதிலுள்ள ஆயில் துவாரத்தைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான்.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்துதான் ஊற்றணும். நல்ல ஆயில் என்றால் பொதுவாக 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. கையேட்டில் 25:1 என்றிருந்தால் 40 மில்லி. கண் அளவில் ஊற்றாதீர்கள், மருந்துக்கடையில் அளவு குறித்த சிரிஞ்ச் கிடைக்கும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை விறைக்க வைக்கும். புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு என்று கேன் கேனாகக் கலந்து வைப்பதில் பிரயோஜனமில்லை. இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் கலங்கள். மிஷினைத் தூக்கி வைக்கும்போது டேங்கை வடித்துவிட்டு, தானாக அணையும்வரை ஓட்டுங்கள். "ஆறு மாசம் சும்மா வெச்சேன், ஸ்டார்ட் ஆகல" என்ற புகாரில் பாதி இதுதான்.

பல்லைத் தீட்டுதல்

மிஷின் வாங்குகிறவர்கள் எத்தனை சிசி என்று கேட்கிறார்கள். அறுப்பது சிசி இல்லை, பல். இந்தப் பல்லுக்கு ஒரு கதை உண்டு. பழைய செயின்களில் பல் கைரம்பத்துப் பல் மாதிரி இருக்கும், மரத்தைச் சுரண்டும், அடிக்கடி மழுங்கும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் மரம் அறுத்துக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர் ஒரு பட்ட மரத்துக்குள் வண்டுப்புழு வைரத்தையே குடைந்து போவதைக் கவனித்தார். அதன் தாடை வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவியது. அந்தத் தாடையை இரும்பில் செய்து 1947இல் வெளியிட்டார். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் செயின் அதன் வழியில் வந்ததுதான். பூச்சியிடம் பாடம் படித்த மிஷின் என்பதால் நமக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் இருக்கலாம்.

செயின் கூராக இருந்தால் மரம் சீவல் சீவலாக வரும். மாவு மாதிரி தூளாக வந்தால் மழுங்கிவிட்டது. வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் ஒரு பக்கத்துப் பல் குட்டை. மிஷினை அழுத்திப் பிடித்துத்தான் அறுக்க முடிகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். மழுங்கின செயின் பெட்ரோலைக் குடிக்கும், பாரை நீலம் பாயச் சூடாக்கும், கையைச் சோர வைக்கும். சோர்ந்த கைதான் விபத்துக்கு வழி.

தீட்ட உருண்டை அரம் வேண்டும், செயினுக்கு ஏற்ற அளவில். சின்ன மிஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ. உங்கள் செயின் எது என்பது பார் மேலேயே பொறித்திருக்கும். பாரை வைஸில் இறுக்குங்கள், வயலில் என்றால் ஒரு கட்டையில் காடி வெட்டி அதில் நிறுத்தலாம். பல்லின் உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக அரத்தைத் தள்ளணும். இழுக்கக் கூடாது, திரும்பி வரும்போது தூக்கிவிடணும். பெரும்பாலான செயின்களுக்குச் சாய்வு 30 டிகிரி, பல்லின் மேலேயே அதற்கு ஒரு கோடு இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பல் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள். மழுங்கின பல்லின் விளிம்பு வெயிலில் வெள்ளைக் கோடாக மின்னும். அந்த மினுக்கம் போகும்வரைக்கும் தீட்டினால் போதும்.

பல்லுக்கு முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் குறைக்கணும், ஐந்து தடவை தீட்டினால் ஒரு தடவை. பல்லுக்கும் அதற்கும் 0.65 மி.மீ. வித்தியாசம் இருந்தால் சரி. அதற்கென்று அளவுத் தகடு விற்கிறது. ஆர்வத்தில் அதிகமாகக் குறைத்தால் மிஷின் மரத்தைக் கடித்துக்கொண்டு உதறும்.

ஃபெஞ்சலுக்கு அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு அறுக்கும் மரத்தின் பட்டையில் வண்டலும் மணலும் அப்பியிருக்கும். புதுச் செயினையும் அது நொடியில் மழுக்கிவிடும். தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் வெட்டுகிற இடத்தில் கோடாலியால் பட்டையைச் சீவிவிடுங்கள். வேலியோர வேம்பில் பழைய முள்கம்பியும் ஆணியும் மரத்துக்குள்ளேயே புதைந்திருக்கும், அதையும் பார்க்கணும். தென்னை எப்போதுமே செயினைத் தின்னும். அதை அறுக்க நான் பழைய செயின் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

விழுந்த மரத்தில் கவனம்

நிற்கிற மரத்தைவிட விழுந்த மரம் ஏமாற்றும். வேரோடு சாய்ந்த மரத்தில் வேர்க்கட்டி மண்ணோடு தூக்கி நிற்கும். அடிமரத்தை அறுத்ததும் பாரம் போய், அந்தக் கட்டி தடாலென்று பழைய குழிக்கே திரும்பி உட்காரலாம். குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள். இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் தொங்கும் கட்டை என்றால் மேல்பக்கம் நசுங்கி இருக்கும், கீழ்பக்கம் இழுபட்டு இருக்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் கீழிருந்து மேல்நோக்கி. ஒரே மூச்சில் மேலிருந்து அறுத்தால் பார் சிக்கிக்கொள்ளும். முனை அந்தரத்தில் தொங்கும் கட்டைக்கு இது நேர்தலைகீழ்.

பார் முனையின் மேல் கால்வட்டம் எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, விலக நேரம் கிடைக்காது. முன்கைப்பிடியைக் கட்டைவிரல் சுற்றிப் பிடியுங்கள், தோள் உயரத்துக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள், ஏணிமேல் நின்று அறுக்கவே வேண்டாம். முன்னால் இருக்கும் செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் தட்டிப் பாருங்கள். லுங்கி, துண்டு, செருப்பு கூடாது. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதுக்கு அடைப்பான் வாங்க ஆகிற காசு ஒரு டீ, வடை விலைதான். தனியாகப் போகாதீர்கள்.

சாலையோரம், ஏரிக்கரை, புறம்போக்கு மரம் விழுந்தே கிடந்தாலும் நமக்குச் சொந்தமில்லை, கொம்யூன் பஞ்சாயத்திலோ வனத்துறையிலோ கேட்டுவிட்டு அறுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் பனைமரம் விஷயத்தில் கவனமாக இருக்கணும். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது.

வேலை முடிந்த அன்றே செயினைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி பாரை இறுக்கும். ஏர் ஃபில்டரைத் தட்டி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். பாரைத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

குழுவாகச் சேர்ந்து ஒரு மிஷின் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். நாலைந்து பேர் வைத்திருக்கும் சின்ன நிலத்துக்குத் தனித்தனி மிஷின் வீண் முதலீடு. ஆனால் பொதுச் சொத்துக்குப் பராமரிப்பவர் யார் என்று எழுதி வைக்காத குழுக்களின் டிராக்டரும் பவர் டில்லரும் என்ன ஆனது என்று கடன் கோப்புகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். பொறுப்பாளர் ஒருவர், ஒரு நோட்டு. யார் எடுத்தார், எத்தனை டேங்க் ஓடியது, என்ன ஆயில் ஊற்றினார், தீட்டித் தந்தாரா. டேங்குக்கு இவ்வளவு என்று ஒரு தொகை செயினுக்கும் பாருக்கும் தனியாகச் சேரணும்.

அறுக்கும்போது பொந்து உள்ள பட்ட மரம் ஒன்றிரண்டை ஆபத்தில்லாத இடத்தில் அப்படியே விடுங்கள். பொந்தில் புள்ளி ஆந்தையும் கூகையும் குடியிருக்கும். சம்பா நட்ட வயலில் எலிக்கு அதுதான் நம்ம காவல்.