பார்த்ததும் யாருடைய கை என்று தெரிய வேண்டும்

வீட்டில் இருந்தபடியே தோடு, மாலை, காப்பு, மணிவேலை என்று செய்து விற்கும் சகோதரிகளின் தொகை நமது ஊர்களில் கடந்த சில வருடங்களாகக் கூடிக்கொண்டே வருகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் ஒருவருடைய சம்பளத்தில் வீடு நடத்த முடியாது என்று கண்ட பல குடும்பங்களுக்கு இது இரண்டாவது வருமானமாக அமைந்தது. சில வீடுகளில் அதுவே ஒரே வருமானம். எனவே இதனைப் பொம்பிளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டுப் பேசுவது சரியல்ல. அடுப்பு எரிவது சம்பந்தப்பட்ட விடயம் இது.

ஆனால் ஒரு கண்காட்சிக்கோ பாடசாலைச் சந்தைக்கோ போய்ப் பாருங்கள். பத்து மேசை இருக்கும். பத்திலும் ஒரே சாமான். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் வாங்கிய அதே மணி, அதே கொக்கி, கைபேசியில் பார்த்துச் செய்த அதே டிசைன். முதல் மேசையில் 800 ரூபா சொன்னால் ஆறாவது மேசையில் 650, கடைசி மேசையில் 450. வாங்க வந்தவர் கடைசி மேசைக்குத்தான் போவார், அவரைக் குறை சொல்ல ஏலாது. ஒரே பொருள் என்றால் விலை ஒன்றுதான் வித்தியாசம். 450க்கு விற்ற சகோதரிக்கும் இலாபமில்லை. இரண்டு மணித்தியாலம் குனிந்திருந்து செய்த கூலி அதில் இல்லை என்பதைப் பிறகுதான் கணக்குப் பார்த்து அறிந்துகொள்வார், அதுவும் கணக்குப் பார்த்தால்.

இதற்கு மருந்து மேலும் விலை குறைப்பதில் இல்லை. இயந்திரத்தில் வார்த்து இறக்குமதியாகும் சாமானோடு விலையில் மோதி வென்ற கைவேலைக்காரரை நான் முப்பது வருட வியாபாரத்தில் கண்டதில்லை. கைவேலைக்கு மிச்சமிருப்பது ஒன்றுதான். அது செய்தவருடைய சொந்தப் பாணி. கடையில் நூறு தோடு தொங்கினாலும் அதில் நாலு ஜோடி இன்னாருடையது என்று தூரத்தில் இருந்தே தெரிய வேண்டும்.

பாணி என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். சித்திரம் படித்தவர்களுக்குத்தான் அது வரும் என்று நினைப்பு. நான் கண்டது வேறு. பாணி பெரும்பாலும் இல்லாமையில் இருந்து வருகிறது.

காலிப் பக்கத்தில் எமக்கு வெள்ளிச் சாமான் தரும் ஒரு சகோதரி இருக்கிறார். தொடங்கும்போது அவரிடம் பெரிய கல் வாங்கப் பணம் இருக்கவில்லை. அம்பலாங்கொடைக்கு அருகே மீட்டியாகொடையில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல், அதாவது நீல ஒளி ஓடும் அந்தக் கல், உலகமெங்கும் பேர் பெற்றது. நல்ல கல்லெல்லாம் மொத்த வியாபாரிகளிடம் போய்விடும். வெட்டுகிறவர்களிடம் மிஞ்சும் கோணல் கற்கள், ஒரு பக்கம் தடித்த கற்கள், ஜோடி சேராத கற்கள் ஆகியவற்றை இவர் மலிவாக வாங்கினார். ஜோடி சேராததை எப்படித் தோடாக்குவது? இரண்டு காதுக்கும் இரண்டு வடிவம் என்றே செய்தார். கல்லின் கோணலை மறைக்கவில்லை, அந்தக் கோணலைச் சுற்றியே வெள்ளித் தகட்டை வளைத்துக் கூடு கட்டினார். வெள்ளியைப் பளபளப்பாக்காமல் கறுக்க வைத்து மேல் விளிம்பை மட்டும் தேய்த்துவிட்டார். கறுப்புக்கு நடுவில் அந்த நீல ஒளி எழுந்து நிற்கும். இரண்டு வருடம் இதையே திருப்பித் திருப்பிச் செய்தார்.

“நானா, எல்லாரும் புதுசு புதுசாச் செய்றாங்க, நான் மட்டும் இதையே செய்றன், சரிப்பட்டு வருமா?” என்று ஒரு நாள் கேட்டார். “தங்கச்சி, மாத்தாதீங்க. கல்லை மாத்துங்க, அளவை மாத்துங்க, கையை மாத்தாதீங்க” என்றேன். அடுத்த பருவத்தில், முந்திய வருடம் வாங்கிப் போன வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் திரும்பி வந்து, கடையில் இருந்த மற்ற எதையும் பார்க்காமல், “அந்தக் கோணல் கல் செய்யும் பெண்ணுடையது இருக்கிறதா?” என்று கேட்டார். பேர் தெரியாது, கை தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து அவருடைய சாமானுக்கு நான் பேரம் பேசுவதில்லை.

இதில் தொழில் நுணுக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நீலக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 9. சந்திரகாந்தம் 6 முதல் 6.5 வரைதான். அத்தோடு அது சில திசைகளில் இலேசாகப் பிளந்துபோகும். ஆகவே நாலு கொம்பு வைத்துக் கட்டி மோதிரமாகப் போட்டால் கதவில் ஒரு தட்டுப் பட்டாலே போதும். சுற்றிவரத் தகட்டுக் கூடு கட்டித் தோடாகவோ பதக்கமாகவோ போட்டால் நீடிக்கும். அந்தச் சகோதரியின் பாணி கண்ணுக்கு அழகாக இருப்பதோடு கல்லுக்கும் பொருத்தமானது என்பதால்தான் திருத்த வேலைக்குத் திரும்பி வரும் சாமான் குறைவு. பொருளின் குணத்துக்கு எதிராகப் போகும் பாணி ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது.

வெள்ளி கறுப்பதும் அப்படித்தான். 925 என்று முத்திரை குத்திய வெள்ளியில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிகுதி பெரும்பாலும் செம்பு. காற்றில் உள்ள கந்தகம் பட்டால் மேற்பரப்பு கறுக்கும். பளபளப்பாகச் செய்து விற்றவருக்கு இது முறைப்பாடாக வரும். கறுப்பை முதலிலேயே வேலையின் ஒரு பகுதியாக்கியவருக்கு அந்தத் தலைவலி இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அலெக்சாண்டர் கோல்டர் (1898-1976) என்ற அமெரிக்கச் சிற்பி தன் வாழ்நாளில் சுமார் 1,800 நகைகளைத் தன் கையாலேயே செய்தார். பெரும்பாலும் பித்தளைக் கம்பியும் வெள்ளிக் கம்பியும்தான். பற்றவைப்பு வேலையைத் தவிர்த்து, கம்பியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிச் சுருள் சுருளாக வளைத்தார். இணைக்க வேண்டிய இடத்தில் கம்பியாலேயே கட்டினார், அல்லது ஆணி அறைந்தார். தங்கமில்லை, வைரமில்லை. இருந்தும் அந்தச் சுருளையும் சுத்தியல் அடையாளத்தையும் பார்த்தவுடன் கோல்டர் என்பார்கள். இன்று அவை நூதனசாலைகளில் இருக்கின்றன.

நமது நாட்டிலேயே பெரிய உதாரணம் பாபரா சன்சோனி அம்மையார். கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திய மகளிர் நெசவு நிலையங்களுக்கு வண்ணமும் வடிவமும் தெரிவு செய்து கொடுப்பதில் தொடங்கியவர், 1964இல் ஆரம்பித்ததுதான் ‘பெயார்ஃபூட்’. கோடும் கட்டமும் யாரும் போடக் கூடியவை. ஆனால் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதில் அவருக்கு ஒரு துணிவு இருந்தது. அந்தத் துணியைப் பெயர்ப் பட்டி பார்க்காமலே அடையாளம் காணலாம். அவர் 2022இல் காலமானார், நிறங்கள் இன்னும் அவருடையவைதான்.

எம்மவர்கள் மருதமுனை நெசவை நினைத்துப் பார்க்கலாம். சாரமும் சேலையும் நெய்த கைகள் அங்கு தலைமுறை தலைமுறையாக இருந்தன. 2004 சுனாமி அந்த ஊரைக் கடுமையாகத் தாக்கியது. அதற்கு முன்பே விசைத்தறித் துணி வந்து விலையைக் குறைத்துவிட்டது. மலிவுச் சாரத்தோடு மலிவில் போட்டி போட்டவர்கள் தறியை விட்டார்கள். கரையிலும் நிறத்திலும் தமக்கென்று ஒன்றை வைத்திருந்தவர்களிடம்தான் நான் இன்றும் வாங்குகிறேன். கிழக்கிலே நமது உம்மாமார் இழைத்த பன்பாயும் இவ்விதமே. ஓரத்தில் விழும் கோலத்தைப் பார்த்து எந்த வீட்டுப் பாய் என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருந்தார்கள். தும்பறைப் பாய்க்காரர்கள் பத்தங்கியில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் எடுத்து நாரில் நெய்யும் முறை 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நம்முடைய பாய் அப்படி ஒன்றிலும் இல்லை. அதற்காக யாரையும் திட்டி என்ன பயன், நாமே அதை விற்பனைக்குரிய பொருளாக நினைக்கவில்லை.

நகையிலும் நமக்கென்று இருந்தவை உண்டு. மூத்த பெண்கள் கழுத்தில் கிடந்த கருகமணியை இன்றைய பிள்ளைகள் அணியக்கூடிய விதத்தில் சிறு வெள்ளி மணிகளுடன் கோர்த்து யாராவது செய்து வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். ஆண்களுக்கு வெள்ளி மோதிரம் என்பது நம்மவரிடையே எப்போதும் உள்ள சந்தை. தங்கம் நமக்கு ஆகாது என்பதால் மாப்பிள்ளைக்கும் வெள்ளிதான் தேட வேண்டும். அங்கே வருவதெல்லாம் இறக்குமதி வார்ப்பு. கையால் செய்தது தேடினாலும் கிடைப்பதில்லை.

இனி விலைக் கணக்கு. பாணி பிடிபட்ட பிறகும் இதில் தவறி நட்டப்படுகிறவர்கள் அதிகம், ஆகவே சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரு ஜோடி வெள்ளித் தோட்டுக்குக் கல், வெள்ளி, கொக்கி எல்லாம் 1,800 ரூபா என்று வைப்போம். மூன்று மணித்தியால வேலை, மணிக்கு 400 வீதம் 1,200. மின்சாரம், வாயு, பெட்டி, பஸ் கூலி 300. மொத்தம் 3,300. இதில் 20 வீதம் இலாபம் 660 சேர்த்தால் 3,960. இதுதான் செய்தவர் கையில் வந்து சேர வேண்டிய தொகை.

கடைக்காரர் விற்ற விலையில் 30 வீதம் எடுப்பார் என்றால் என்ன விலை போடுவது? பலர் 3,960க்கு 30 வீதம் கூட்டி 5,148 என்று போடுகிறார்கள். கடைக்காரர் 5,148இல் 30 வீதம் கழிப்பார். மிஞ்சுவது 3,604. இலாபம் 660 என்று நினைத்தவருக்குக் கிடைப்பது 304. பாதிக்கு மேல் போய்விட்டது, யாரும் ஏமாற்றவில்லை, கணக்குத்தான் பிழை. 3,960ஐ 0.7ஆல் பிரிக்க வேண்டும். 5,657 வரும். அதைவிடக் குறைத்துப் போட்டால் அந்தக் குறைவு செய்தவருடைய பையில் இருந்துதான் போகும். 5,657க்கு அந்தத் தோடு போகாது என்று தோன்றினால் வேலை நேரத்தைக் குறைக்கும் வழி பாருங்கள், இல்லாவிட்டால் அந்த டிசைனை விடுங்கள். கூலியை மட்டும் கழிக்காதீர்கள். அடுத்த மேசையில் அதே சாமான் இருந்தால் இந்த விலையை நினைக்கவே முடியாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன விடயம் ஒன்று, ஆனால் சந்தையைக் கெடுக்கும் விடயம். கொக்கியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிவுக் கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கும், சிலருக்குக் காது அரிக்கும், புண்ணாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் படும் நகையில் இருந்து வெளியேறும் நிக்கலுக்குச் சட்டத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். எவ்வளவு அழகான வேலை என்றாலும் காதைப் புண்ணாக்கிய தோட்டை யாரும் இரண்டாம் முறை கேட்டு வருவதில்லை.

அடுத்து, கொப்பி அடிப்பது. ஒரு டிசைன் ஓடத் தொடங்கியதும் இன்னொருவர் அதையே மலிவாகச் செய்து பக்கத்துக் கடையில் தொங்கவிடுவார். மேலே சொன்ன சகோதரிக்கும் இது நடந்தது. அவருடைய தோடு ஒன்றை வாங்கிப் போன கடைக்காரர் ஒருவர் அதை வேறு ஒருவரிடம் கொடுத்து அரை விலைக்குச் செய்வித்தார். மாதிரி அப்படியே வந்தது. ஆனால் செய்தவருக்குக் கோணல் கல் பிடிக்கவில்லை போலும், ஒழுங்கான ஜோடிக் கல் வைத்திருந்தார். பார்க்க வேறு எவருடைய தோடு போலவும் இருந்தது, மெதுவாக ஓய்ந்துபோனது. எல்லோருக்கும் இப்படி வாய்க்கும் என்று சொல்ல வரவில்லை.

சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் ஒரு நகையின் தோற்றத்தைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம். முதலில் 5 வருடம், பின்னர் ஐந்தைந்து வருடமாக இரு தடவை புதுப்பிக்கலாம், ஆகக் கூடியது 15 வருடம். வடிவமைப்பு புதியதாக இருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. நம்மவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். முதலில் கண்காட்சியில் வைத்து, படம் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்து, கொப்பி வந்த பிறகு பதியப் போனால் அது புதியது அல்ல என்ற பதில் வரலாம். விண்ணப்பம் முதலில், காட்சி பிறகு.

ஒவ்வொரு தோட்டையும் பதிவது சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகாது. அதிகம் ஓடும் என்று நம்பும் ஒன்றிரண்டை மட்டும் பதிந்துவிட்டு, மற்றவற்றுக்குத் தன் வர்த்தகக் குறியைப் பதிந்துகொள்வது சிக்கனமான வழி. வர்த்தகக் குறிப் பதிவு 10 வருடத்துக்குச் செல்லும், அதன் பிறகு எத்தனை தடவையும் புதுப்பிக்கலாம். அந்தக் குறியை ஒரு சிறிய அச்சு முத்திரையாகச் செய்வித்து, 925 குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் குத்துங்கள். அந்தச் சகோதரி இப்போது அப்படித்தான் செய்கிறார். தன் பேரின் முதலெழுத்தையும் கோணலாகவே வெட்டுவித்திருக்கிறார்.