வீதித் துவிச்சக்கரவண்டிக்குச் சில்லுத் தெரிதல்

மனிதனது கால்வலிமையை நெடுந்தூர ஓட்டமாக மாற்றுதற்கு இயற்றப்பட்ட கருவிகளுள் துவிச்சக்கரவண்டிக்கு நிகரானது பிறிதொன்றில்லை. அதன் உறுப்புக்களுள் சட்டம் கண்ணைக் கவர்வது. பற்சில்லுத் தொகுதி நுட்பத்தால் மதிப்புப் பெறுவது. ஆயினும் ஓட்டத்தின் இயல்பை மிகுதியும் நிருணயிப்பவை நிலத்தைத் தொடும் இரு சில்லுகளுமேயாம். வீதியில் விரைந்தோடுதற்கென அமைந்த வண்டியொன்றை வாங்கியவர், சில காலஞ் சென்றபின், அதனுடன் வந்த சில்லுகளைக் கழற்றி உயர்ந்தவற்றைப் பூட்ட விரும்புதல் இயல்பு. வண்டி செய்வோர் விலையை அடக்குதற்பொருட்டுப் பெரும்பாலும் பாரமான சில்லுகளையே பூட்டி அனுப்புகின்றனராதலின், அவ்விருப்பம் காரணமற்றதன்று. ஆனால், சிலவேளை வண்டியின் விலைக்குச் சமமாகவே பணங்கொடுத்து வாங்கப்படும் சில்லுகள் வாங்கியவர் எதிர்பார்த்ததைத் தராது போதலும் உண்டு. மலையிறக்கத்தில் அவரது உயிருக்கே ஊறு விளைத்தலும் உண்டு. ஆகவே, சில்லு எவ்வாறு தொழிற்படுகின்றதென அறிந்த பின்னரே அதனைத் தெரிதல் தகும்.

மாட்டுவண்டிச் சில்லிலே பாரமானது குடத்திலிருந்து அடியிலுள்ள ஆரக்கால் வழியாக நிலத்தை அடைகின்றது. அவ்வாரக்கால் ஒரு தூண் போல நின்று தாங்குகின்றது. துவிச்சக்கரவண்டியின் கம்பியோ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புடையது. நிமிர்த்தி நிறுத்தி மேலிருந்து அமுக்கினால் வளைந்துவிடும். இத்தகைய கம்பிகள் ஓராளையும் வண்டியையும் தாங்குதல் எங்ஙனம்? விடை அவற்றின் இழுவிசையில் உள்ளது. ஒவ்வொரு கம்பியும் குடத்துக்கும் றிம்முக்கும் இடையே முன்னரே முறுக்கி இழுக்கப்பட்டுள்ளது. பின்சில்லின் வலப்பக்கக் கம்பியொன்றில் 100 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டாலொத்த இழுவிசை, சிலவேளை அதற்குச் சற்று மேலும், எஞ்ஞான்றும் நிலவுகின்றது. வண்டியில் ஆள் ஏறியதும் நிலத்தை நோக்கியிருக்கும் ஒருசில கம்பிகளின் இழுவிசை குறைகின்றது. ஏனையவற்றில் உண்டாகும் மாற்றம் மிகச் சிறிது. மேற்கம்பிகளிலே குடம் தொங்குகின்றதெனப் பலருங் கூறுவர். அளந்து பார்ப்பின், மேற்கம்பிகள் ஏறக்குறைய மாற்றமின்றியே இருத்தல் காணப்படும். யொப்ஸ்ற் பிரான்ற் என்னும் பொறியியலாளர் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதனைக் கணித்துக் காட்டினார்.

இழுவிசையால் நிற்கும் சில்லு என்னும் எண்ணம் பழையது. ஆங்கிலேயரான சேர் ஜோர்ஜ் கேலி, பறக்கும் பொறியொன்றுக்கு இலேசான சில்லு வேண்டி, 1808 ஆம் ஆண்டிலேயே இதனைக் குறித்து வைத்தார். பாரிசிலே யூஜேன் மேயர் என்பார் 1869 இல் கம்பிச் சில்லுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கம்பிகளைக் குடத்தின் நடுவிலிருந்து நேராகச் செலுத்தாது, அதன் ஓரத்தைத் தொடுமாறு சாய்த்து ஒன்றையொன்று குறுக்கிடக் கோக்கும் முறையைக் கொவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்ராலி 1874 இல் அமைத்தார். மிதிக்கும் வலுவைக் குடத்திலிருந்து றிம்முக்குக் கடத்துதற்கு அச்சாய்வு இன்றியமையாதது. இன்றும் பின்சில்லுகள் அம்முறையையே தழுவுகின்றன.

மேற்கூறிய உண்மையிலிருந்து முதலாவது விதி பிறக்கின்றது. வீதி வண்டியின் சில்லு ஒருமுறை சுழல ஏறக்குறைய 2.1 மீற்றர் செல்கின்றது. 10,000 கிலோமீற்றர் ஓடிய சில்லின் ஒவ்வொரு கம்பியும் நாற்பத்தேழு இலட்சம் முறைக்கு மேல் தளர்ந்து இறுகியிருக்கும். கம்பி அறுவது ஒருநாட் பாரத்தாலன்று. இவ்விடையறாத் தளர்வினாலும் இறுக்கத்தினாலும் உண்டாகும் களைப்பினாலேயே. கம்பிகளின் தொகை குறைந்தால், ஒவ்வொன்றும் ஏற்கும் மாற்றம் கூடும். முன்னாளில் 36 அல்லது 32 கம்பிகள் வழங்கின. இக்காலத்துப் பந்தயச் சில்லுகளில் முன்னே 20, பின்னே 24 எனக் காணப்படுகின்றன. றிம்முகள் உயரமும் விறைப்பும் பெற்றமையால் இது இயலுவதாயிற்று. எனினும் 90 கிலோகிராமுக்கு மேற்பட்ட உடற்பாரம் உடையோர், பார்வைக்கு அழகென்று கருதிக் குறைந்த கம்பிச் சில்லை வாங்குதல் பேதைமையாகும். கம்பியின் நடுப்பகுதி ஒடுக்கப்பட்டு இருமுனையும் தடித்திருக்கும் கம்பிகள், முழுவதும் ஒரே தடிப்புள்ளவற்றிலும் நீண்டகாலம் உழைப்பன. மெல்லிய நடுப்பகுதி நீண்டு கொடுப்பதால், குடத்தருகே வளைந்துள்ள கழுத்துக்கு ஊறு குறைகின்றது. தடித்ததே வலியதென நினைப்போர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

இனிப் பாரத்தை நோக்குவோம். சில்லு விற்போர் முதலில் உரைப்பது கிராம் கணக்கேயாம். 1934 ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றுப்பந்தயத்தில் வென்ற அந்தோனின் மாஞ், மரறிம்முகள் வழங்கிய அக்காலத்தில், மாவிக் நிறுவனத்தின் அலுமினியக் கலப்புலோக றிம்முகளை மரநிறம் பூசி மறைத்து ஓடினாரெனக் கூறுவர். அன்றுதொட்டு இலேசான சில்லின்மேல் உள்ள வேட்கை தணிந்திலது. றிம்மிலுள்ள ஒரு கிராம் சட்டத்திலுள்ள இரண்டு கிராமுக்குச் சமமென்று ஒரு கொள்கை வழங்குகின்றது. இது பாதி மெய். றிம்மானது முன்செல்வதோடு சுழலவும் வேண்டியிருத்தலால், வேகத்தைக் கூட்டும்பொழுது அதன் திணிவு இருமடங்காகக் கணிக்கப்படும். ஒரே வேகத்தில் மலையேறும்பொழுதோ ஒரு கிராம் ஒரு கிராமே.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். பிரான்சின் அல்ப்பு மலைகளிலுள்ள அல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கிலோமீற்றர் நீளமும் நூற்றுக்கு எட்டு வீதச் சராசரிச் சரிவும் உடையது. ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனவும், அவ்வேற்றத்துக்கு ஒரு மணித்தியாலம் செல்லுமெனவும் கொள்க. வண்டியோடு வந்த 2,000 கிராம் சில்லுச் சோடியை நீக்கி 1,500 கிராம் சோடியைப் பூட்டினால், குறைவது 500 கிராம். அஃதாவது மொத்தப் பாரத்தில் 160 இல் ஒரு பங்கு. வலு முழுவதும் ஏற்றத்துக்கே செலவாவதாகக் கொள்ளினும் மிஞ்சும் நேரம் ஏறக்குறைய 22 விநாடி. பந்தயத்தில் முதலிடத்துக்குப் போராடுவோனுக்கு இது பெரிது. விடுமுறை நாளில் நண்பரோடு ஏறுவோன் அரைப் போத்தல் நீரைக் குறைத்துச் சென்றும் இதனைப் பெறலாம்.

சமவெளியில் முதற்பகை பாரமன்று, வளியேயாம். வேகம் இருமடங்கானால் வளியை எதிர்த்தற்கு வேண்டும் வலு எண்மடங்காகும். சில்லின் உச்சி வண்டியின் வேகத்திலும் இருமடங்கு வேகத்துடன் முன்னோக்கிப் பாய்கின்றது என்பதை நினைவிற் கொண்டால், கம்பிகளும் றிம்மும் வளியைக் கலக்குதல் புலனாகும். றிம்மின் உயரத்தைக் கூட்டிக் கம்பிகளைச் சுருக்கினால் இக்கலக்கம் குறைகின்றது. 1984 ஆம் ஆண்டு சனவரியில், பிரான்சிஸ்கோ மோசர் என்னும் இத்தாலிய வீரர், கம்பிகளே இல்லாத தட்டுச் சில்லுகளைப் பூட்டி மெக்சிக்கோ நகரில் ஒரு மணித்தியாலத்தில் 51.151 கிலோமீற்றர் ஓடினார். அதே நகரில் 1972 இல் எடி மேக்ஸ் கம்பிச் சில்லுகளில் ஓடிய தூரம் 49.431 கிலோமீற்றர். வேற்றுமை முழுவதையும் சில்லுக்கே உரியதாக்கல் ஆகாது. மோசரின் உடையும் இருக்கையும் பயிற்சியும் வேறு. ஆயினும் உயர்றிம் மீது உலகின் கண் திரும்பியது அன்றே.

இந்நன்மைக்கு ஒரு விலையுண்டு. உயர்ந்த றிம் பக்கக்காற்றுக்குப் பாய்போல நின்று கொடுக்கும். பின்சில்லில் அது பெரிதும் உணரப்படாது. முன்சில்லோ கைபிடியால் திருப்பப்படுவதாதலின், திடீரென வீசுங் காற்று கைபிடியையே திருப்பிவிடும். கூட்டமாக ஓடும் வீதிப்பந்தயங்களில் தட்டுச்சில்லுக்கு இடமளிக்கப்படாமைக்கு இஃதொரு நியாயமாகும். உடல்மெலிந்தோரும் கடற்கரை வீதிகளில் ஓடுவோரும் 60 மில்லிமீற்றர் உயர றிம்மை முன்னே பூட்டுதல் நன்றன்று. 35 முதல் 50 மில்லிமீற்றர் வரையானவை பெரும்பாலோர்க்குப் போதும். ஒரு சோடியில் முன்றிம் தாழ்ந்தும் பின்றிம் உயர்ந்தும் இருத்தல் தக்க ஏற்பாடே. மேலும், வளித்தடையின் பெரும்பங்கு ஓட்டுநரின் உடலாலேயே ஆவது. முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தக் கற்றவன் பணஞ் செலவிடாமலே பெறும் ஊதியம் எச்சில்லுந் தருவதிலும் மிகுதி.

உயிரோடு சம்பந்தப்பட்டது பிறேக்கு. றிம்மை இறுகப் பற்றி நிறுத்தும் பழைய வகையில், றிம் தானே பிறேக்கின் ஒரு பாகமாகின்றது. அலுமினிய றிம்மின் பக்கச்சுவர் நாளடைவில் தேயும். அதற்கென வெட்டப்பட்டுள்ள அடையாளப் பள்ளம் மறைந்தவுடன் றிம்மை மாற்றாவிடின், உள்ளிருக்கும் அமுக்கத்தால் அது பிளந்துவிடும். காபன் றிம்மிலோ வேறொரு ஆபத்துளது. காபன் நார்களைப் பிணைக்கும் பிசின், நீண்ட இறக்கத்தில் இடையறாது பிறேக்குப் பிடிக்க உண்டாகும் வெப்பத்தினால் இளகக்கூடும். அதற்கெனச் செய்யப்பட்ட பிறேக்குக் கட்டைகளையன்றிப் பிறவற்றைப் பூட்டுதல் கூடாது. மலைநாட்டில் றிம்பிறேக்குடன் ஓடுவோர்க்கு அலுமினியமே ஏற்றது. ஈரத்திலும் அதுவே நம்பத்தக்கது. தட்டுப்பிறேக்கு வீதிப்பந்தயங்களில் 2018 இல் முழுமையாக அனுமதிக்கப்பட்டபின் இவ்வச்சம் நீங்கலாயிற்று. வெப்பம் குடத்தருகே உள்ள உருக்குத் தட்டைச் சாருமேயன்றி றிம்மைச் சாராது.

சில்லை ரயரினின்று பிரித்துப் பேசுதல் உடலை உயிரினின்று பிரித்தல் போல்வது. ஒடுங்கிய ரயரே விரைவானதெனப் பல்லாண்டு நம்பி 23 மில்லிமீற்றர் ரயரில் வளியை வன்மையாக ஏற்றி ஓடினர். ஒரே அமுக்கத்தில் அகன்ற ரயர் நிலத்தைத் தொடும் பரப்புக் குறுகியும் அகன்றும் அமைவதால், ரயர் நசிதலால் இழக்கப்படும் வலு குறைகின்றது. கரடுமுரடான வீதியில் தாழ்ந்த அமுக்கம் உடலின் குலுக்கத்தையும் தணிக்கும். இன்று 28 மில்லிமீற்றர் பொதுவழக்காயிற்று. றிம்முகளும் அதற்கேற்ப அகன்றன. ரயரின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் கொளுக்கியில்லாத றிம்முகளும் வந்துள்ளன. இவற்றில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 72.5 இறாத்தலை மிஞ்சலாகாது. அவ்வகைக்கென இசைவு பெற்ற ரயரே பூட்டப்படல் வேண்டும். பழைய பழக்கத்தால் 100 இறாத்தல் ஏற்றுவோன் ஓடும்பொழுதே ரயர் கழன்று வீழ்வான். புதுச்சில்லுக்குப் பணஞ் சேர்ப்பவர் முதலில் நல்லதொரு சோடி ரயர் வாங்கி ஓடிப் பார்த்தல் வேண்டும். பலர்க்கு வேண்டிய மாற்றம் அதனுடனே கிடைத்துவிடும்.

பொருத்தம் பற்றிய செய்தி சுருங்கியது. றிம்பிறேக்கு வண்டியின் பின்கவையில் குடத்துக்குரிய இடம் 130 மில்லிமீற்றர். ஊடுருவும் அச்சுடைய தட்டுப்பிறேக்கு வண்டியில் 142. ஒன்றின் சில்லு மற்றதற்கு ஏறாது. பற்சில்லுத் தொகுதி ஏறும் உருளையும் சிமானோ, கம்பக்னோலோ, சிறாம் என்னும் செய்வோர்க்கேற்ப வேறுபடும்.

ஈற்றில், வாங்கிய சில்லைப் பரிசோதித்தல். கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டினால் வீணை நரம்புபோல் ஒலிக்கும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தல் வேண்டும். ஒன்றுமட்டும் மந்தமாக ஒலிப்பின் அது தளர்ந்துள்ளது, முதலில் அறுவதும் அதுவே அல்லது அதன் அயலிலுள்ளதே. பின்சில்லில் இடப்பக்க ஒலி வலப்பக்க ஒலியினும் தாழ்ந்திருத்தல் குற்றமன்று. பற்சில்லுகளுக்கு இடம் விடுதற்காக வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் அவற்றின் இழுவிசை மிகுதியாகும். புதிய சில்லு சில நூறு கிலோமீற்றர் ஓடியபின், கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்துக் கம்பிகளை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பித்தல் வேண்டும்.