புது பிளேடு வந்துவிட்டது, கையுறை எப்போது?

முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கு விரல் இடுக்கில் வரும் ஒரு புண் உண்டு. வெட்டி விழும் குட்டை முடியின் நுனி மிகவும் கூரானது. நாள் முழுக்க ஈரத்தில் ஊறி மெலிந்துபோன தோலை அது குத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கத் தொடங்கும். அந்த இடம் வீங்கி, சீழ் கோத்து, சிறு துளை விழும். சிலருக்கு அறுவை சிகிச்சை செய்துதான் உள்ளே கிடக்கும் முடியை அகற்ற வேண்டியிருக்கும். முடி வெட்டிக்கொள்கிற யாருக்கும் இந்த நோய் வராது. வெட்டிவிடுகிறவருக்குத்தான் வரும்.

சலூன் சுகாதாரம் என்றதும் நமக்கு வாடிக்கையாளரின் பாதுகாப்புதான் நினைவுக்கு வருகிறது. பிளேடு புதிதா, துண்டு சுத்தமா என்று பார்க்கிறோம். நாற்காலிக்குப் பின்னால் பத்து மணி நேரம் நிற்பவரின் கையையும் காலையும் மூச்சையும் யாரும் கவனிப்பதில்லை. திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டி போன்ற ஊர்களில் சலூன் என்றால் பெரும்பாலும் இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, உரிமையாளரும் ஒரு உதவியாளரும்தான். பியூட்டி பார்லர் என்றால் பல நேரங்களில் வீட்டின் முன்னறைதான். இந்தச் சிறு கடைகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

பிளேடும் கல்லீரலும்

சவரம் செய்யும்போது ஏற்படும் கீறலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசிந்தாலே போதும், ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பரவ முடியும். கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ், உலர்ந்த பரப்பில்கூடக் குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். மருத்துவமனை ஊழியர்களை நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். சலூனில் எய்ட்ஸுக்குப் பயப்படும் நாம், அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும் மஞ்சள் காமாலை வைரஸை மறந்துவிடுகிறோம்.

பழனி மலையடிவாரம் முடி காணிக்கைக்குப் பேர்போன இடம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூட்டம் அலைமோதும்போது ஒரே தொழிலாளியின் கையில் ஒரு நாளில் எத்தனையோ தலைகள் மாறும். ஆளுக்கொரு பிளேடு என்பது இன்று பக்தர்களே கேட்டு வாங்கும் உரிமையாகிவிட்டது. அது பக்தரைக் காக்கும். ஆனால், பிளேடு மாற்றும்போது தொழிலாளியின் விரல் கீறினால், அந்த பிளேடில் இருக்கும் முந்தைய தலையின் ரத்தம் அவருடைய உடலில் கலக்கலாம். புது பிளேடு இந்த ஆபத்தைத் தடுக்காது. தடுப்பூசிதான் தடுக்கும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் இது வந்தது 2011-ல்தான். இன்று கத்தி பிடிக்கும் வயதில் இருப்பவர்களில் பலர் அதற்கு முன்பே பிறந்து வளர்ந்தவர்கள். மருத்துவமனை ஊழியர்களுக்குப் போடச் சொல்லும் இந்த ஊசி, தினமும் பிளேடு பிடிக்கிறவர்களுக்கும் வேண்டும்.

படிகாரக் கல்லையும் கவனிக்க வேண்டும். கீறல் மேல் ஒரே கல்லை எல்லோருக்கும் தேய்த்தால், ஒருவர் ரத்தம் இன்னொருவர் புண்ணைத் தொடும். பொடித்து, பஞ்சில் தொட்டு வைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். கத்தரியையும் சீப்பையும் முதலில் சோப்பு நீரில் கழுவ வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் கிருமிநாசினி அதன் அடியில் போய்ச் சேராது. கழுவிய பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் ஊறவைக்கலாம். நீல விளக்கு எரியும் புற ஊதாப் பெட்டியை மட்டும் நம்பக் கூடாது. ஒளி படாத பக்கத்தில் கிருமி அப்படியே இருக்கும்.

டை அடிக்கும் கை

கறுப்பு டையில் பாரா-பினைலின்டையமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் முடிக்குள் சுலபமாக நுழையும். கூடவே கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிய நிற மூலக்கூறாக்கும். பெரிதானதும் அது முடியைவிட்டு வெளியே வர முடியாது. நிறம் நிற்பது அதனால்தான். இந்த வினை முடிவதற்குள் தோலில் பட்டால், அது தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிலரின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறை பட்டாலும் அரிப்பு, கொப்புளம், தோல் வெடிப்பு. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும்.

டை பாக்கெட்டின் மேல், முதலில் தோலில் சோதித்துப் பார்க்கும்படி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. அந்த எச்சரிக்கை வாடிக்கையாளருக்கானது. மாதத்துக்கு ஒருமுறை டை அடிப்பவரைவிட, தினமும் பலருக்கு அடித்துவிடுகிறவரின் கைதான் அதிகம் தொடுகிறது. தடவும்போது கையுறை போடுகிறவர்கள்கூட அலசும்போது கழற்றிவிடுகிறார்கள். டை அடித்த பிறகு முடி வெட்டினால் விரல் முழுக்க மருந்து படும். எனவே முதலில் வெட்டு, பிறகு டை. அலசி முடியும் வரை நைட்ரைல் கையுறை. இந்த வரிசை மாற்றத்துக்குக் காசு செலவே இல்லை.

வெறும் தண்ணீரும் கையைக் கெடுக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே தோல் நோய்க்கான ஆபத்து என்று ஜெர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதிகள் கருதுகின்றன. ஷாம்பூ எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட, தோலின் காப்புச் சுவர் உடைந்து, வேதிப்பொருள் உள்ளே போகும் வழி திறக்கிறது. இரவில் கைக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது சின்ன வேலைதான். ஆனாலும் அவசியமான வேலை.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, முடிதிருத்தும் தொழிலில் ஏற்படும் வேதித் தாக்கத்தை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. முடியை நேராக்கும் சில மருந்துகளைச் சூடாக்கும்போது வெளியாகும் ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் இருக்கிறது. முடியை வெளுக்கும் பவுடரில் உள்ள பெர்சல்ஃபேட் உப்பு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஏ.சி.க்காகக் கதவு, ஜன்னலை அடைத்த அறையில் இவை மூச்சோடு சேரும். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இங்கே மருந்துக்குச் சமம்.

சட்டம் எங்கே நின்றுவிடுகிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. நாளுக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம், வார விடுமுறை, தூய்மை, காற்றோட்டம், வெளிச்சம் எல்லாம் அதில் இருக்கின்றன. 2021-ல் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டமன்றம் சொன்னது. துணிக்கடைப் பெண்களை மனத்தில் வைத்துப் பேசப்பட்ட திருத்தம் இது. ஆனால் நாள் முழுக்க நின்று கால் நரம்பு சுருண்டுகொள்ளும் தொழிலில் சலூனும் ஒன்று. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடையில் உட்கார ஒரு ஸ்டூல் இருந்தாலே காலில் ரத்தம் தேங்குவது குறையும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் பாதுகாப்பான பணியிடத்தை முதலாளியின் கடமையாக்குகிறது. ஊழியர்களுக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்கும் வழிசெய்கிறது. ஆனால், பொதுவாகப் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில்தான் அது தொடங்குகிறது. இரண்டு நாற்காலிக் கடை அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. வைரஸுக்கோ டைக்கோ ஆள் கணக்குத் தெரியாது. பெரிய சலூனில் பத்து பேர் பகிர்ந்துகொள்ளும் ஆபத்தைச் சிறிய கடையில் ஒருவரே சுமக்கிறார்.

சட்டம் எட்டாத இடத்தில் தொழிலாளியை எட்ட நம்மிடம் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த முடிதிருத்துவோர் நல வாரியம், கடையின் அளவைப் பார்ப்பதில்லை. தொழிலாளியைப் பதிவு செய்கிறது. திருமணம், கல்வி, ஓய்வூதியம், விபத்து என்று உதவி தருகிறது. உதவி வருவது பெரும்பாலும் செலவோ இழப்போ நேர்ந்த பிறகு. நோய் வருமுன் காக்கும் வேலையையும் வாரியம் கையில் எடுக்கலாம். உறுப்பினர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக மூன்று தவணை ஹெபடைட்டிஸ் பி ஊசி, தோலுக்கும் கல்லீரலுக்கும் ஆண்டுப் பரிசோதனை, மொத்த விலையில் நைட்ரைல் கையுறை ஆகியவற்றைத் தரலாம். ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் பழைய பிளேடுகளைத் தனி டப்பாவில் சேகரித்தால், குப்பை அள்ளும் தொழிலாளியின் கையும் தப்பும்.

கொரோனா காலத்தில், 2020-ல், சலூன்களுக்கென்றே விதிமுறை எழுதி, வாடிக்கையாளரின் ஆதார் எண்ணைக்கூடக் குறித்துவைக்கச் சொன்னது தமிழ்நாடு அரசு. மற்றவர்களை நோயிலிருந்து காக்கச் சலூனுக்கு விதி எழுத முடிந்தது. சலூன் தொழிலாளியைக் காக்கவும் எழுத முடியும், எழுத வேண்டும். அதுவரை, நாற்காலியில் உட்காரும் நாம் புது பிளேடு கேட்பதோடு நிறுத்தாமல், "கையுறை போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா, எனக்கு அவசரமில்லை" என்றும் சொல்வோம்.